கெரிஸ் கத்தியின் பிடி எந்த ஊர்?

பெரியநீலாவணைக் கரையிலிருந்து வங்கக் கடலைக் கிழக்கே கடந்தால் சுமாத்திரா. அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்த மலாயர்களின் கதையை நாம் ஓரளவு அறிவோம். அவர்கள் இடுப்பில் செருகி வந்த கெரிஸ் கத்தியைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1767-இல் சுலாவெசித் தீவின் கோவா அரசர் சுல்தான் ஃபக்ருத்தீனை ஒல்லாந்தர் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். அவருடைய மகன்களில் சங்குங்லோ கண்டி மன்னனின் பக்கம் நின்றார்; நூருத்தீன் பிரித்தானியரின் மலாய்ப் படையில் கப்டன். 1803 ஜூனில் கண்டியில் நடந்த போரில் இருவரும் எதிரெதிர் அணிகளில் இருந்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துக் கத்தி ஒன்று இன்று கையில் கிடைத்தால் அது எந்த ஊருடையது என்று எப்படிச் சொல்வது?

முதலில் பிடியைத்தான் பார்க்க வேண்டும். ஜாவாப் பிடி வழவழப்பாக இருக்கும்; செதுக்கல் இரண்டு சிறு இடங்களில் மட்டும். பாலித் தீவில் தேவர்களும் அரக்கர்களும் பிடியாகி நிற்பார்கள். மலாய்த் தீபகற்பத்தில் காய்ச்சல்காரர் குளிரில் ஒடுங்கிக் குந்தியிருப்பது போன்ற வடிவம் உண்டு. தாய்லாந்தின் பட்டாணிப் பக்கம் நீண்ட அலகுடைய பறவைமுகம். தென் சுலாவெசியின் பூகிஸ் மக்களின் பிடியோ சட்டென்று மடங்கிக் கைத்துப்பாக்கிப் பிடிபோல வளைந்திருக்கும்.

சிக்கல் பூகிஸ் பிடியில்தான். 1669-இல் மக்காசாரின் சொம்பா ஓப்பு கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்த காலத்தை ஒட்டி, சுலாவெசியின் தென்பகுதி மக்கள் ரியாவ், ஜொகூர், சிலாங்கூர் என்று பரவினார்கள். 1766-இல் சிலாங்கூர் சுல்தானகத்தை அமைத்தவரும் பூகிஸ் வம்சத்தவரே. போன இடமெல்லாம் அந்த வடிவமும் போனது. உள்ளூர்ச் செதுக்குநர் தம் கைப்பழக்கத்தை அதில் கலந்தார்கள். ஆகவே அந்த வளைவு ஒரு சமூகத்தைத்தான் உறுதியாகக் காட்டும். ஊரைக் கண்டுபிடிக்க மடிப்பின் கோணம், இலைச் செதுக்கல், பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள உலோக வளையம் என ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

பிடி செய்த பொருளும் சாட்சிதான். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். வெளிவிளிம்பில் அந்தக் கோணம் பொதுவாக 115 பாகைக்கு மேல். அழிந்துபோன மாமத் தந்தத்தில் 90 பாகைக்குக் கீழ். நீர்யானைப் பல்லில் இந்தக் கோடுகளே இல்லை. மரத்தை நம்பும்போது கவனம் தேவை. பிடிகளுக்கு விரும்பப்பட்ட கெமுனிங், கறிவேப்பிலைக்கு உறவான மரம்; இலங்கையிலும் வளர்கிறது. இங்கேயே செதுக்கிய மாற்றுப் பிடியும் அதே மரமாக இருக்கலாம்.

ஏனெனில் கெரிஸின் பிடியை ஆணி அடித்துப் பூட்டுவதில்லை. அலகின் அடிக்காம்பில் துணியோ நாரோ சுற்றி, பிடியின் துளைக்குள் இறுக்கிச் செருகுவார்கள். கழற்றுவதும் மாற்றுவதும் எளிது. ஜாவா அலகில் பூகிஸ் பிடி இருந்தால் அதைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். கத்தி கைமாறிய வழியை அது காட்டுகிறது. அலகு, பிடி, உறை மூன்றுக்கும் தனித்தனியே ஊர் எழுதும் அருங்காட்சியகக் குறிப்பே நேர்மையானது என்பேன்.

வீட்டில் பழைய கெரிஸ் வைத்திருப்போர் அதை எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்க்காமல் முதலில் படம் எடுத்து வையுங்கள். பிடி தானாகக் கழன்றால் துளைக்குள் ஒட்டியிருக்கும் துணியையும் பிசினையும் சுரண்ட வேண்டாம். பிடி எப்போது மாறியது என்று தேடுவோருக்கு அதுதான் முதல் தடயம்.