பைக்கில் யுஎஸ்பி சார்ஜர்: மின் இணைப்பை எங்கிருந்து எடுப்பது பாதுகாப்பானது?

புதுடெல்லி: உணவு விநியோகம், பைக் டாக்ஸி போன்ற பணிகளில் ஈடுபடுவோருக்கு வழி அறிவது முதல் பணம் பெறுவது வரை அனைத்துக்கும் கைபேசியே ஆதாரம். பணியின் நடுவே அது அணைந்தால் அன்றைய வருவாய் பாதிக்கப்படும். எனவே, பலரும் பைக்கில் யுஎஸ்பி சார்ஜரைத் தனியாகப் பொருத்துகின்றனர்.

பைக் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைச் சாதாரண யுஎஸ்பி சார்ஜர் 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. கைபேசிக்கு 2 ஆம்பியர் அளித்தால் அது 10 வாட். இதற்காகப் பேட்டரியிலிருந்து பெறப்படுவது ஏறத்தாழ 1 ஆம்பியர் மட்டுமே. என்ஜின் இயங்கும்போது இது பெரிய சுமை அல்ல.

சிக்கல் இணைப்பு முறையில்தான் உள்ளது. பேட்டரியில் நேரடியாக இணைத்தால், சாவியை எடுத்த பிறகும் சார்ஜர் சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். பல நாள்கள் நிறுத்திவைத்த வாகனம் செல்ஃப் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் வகையில், ரிலே வழியாக இணைப்பதே சிறந்தது.

அடுத்தது ஃபியூஸ். பாதுகாப்பற்ற கம்பி உராய்ந்து, வாகனத்தின் உலோகச் சட்டத்தைத் தொட்டால் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். எனவே, இணைப்பு எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே, சார்ஜருக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவுள்ள ஃபியூஸைப் பொருத்துவது அவசியம்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிகளின்கீழ் வந்த பெரும்பாலான பைக்குகளில், எரிபொருள் செலுத்துவதை மின்னணுச் சாதனங்களே கட்டுப்படுத்துகின்றன. கம்பிகளை வெட்டி இணைத்தால் அவை பழுதாகலாம், வாரண்டியும் மறுக்கப்படலாம். பணியைத் தொடங்கும் முன் சேவை மையத்தில் விசாரிப்பது நல்லது.