‘ஏன்?’ என்று கேட்ட ஆராய்ச்சி

குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது நீங்கள் அறியாததல்ல. ஆனால், இதையே ஓர் ஊரில் இரண்டாண்டுகள் வீடு வீடாகச் சென்று சொல்லியும் பெரும்பாலோர் கேட்கவில்லை என்றால், அந்த ஊர்த் தாய்மார்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? பிடிவாதக்காரர்கள் என்றுதானே? அவசரப்படாதீர்கள்!

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்ற சிற்றூர். சுமார் 200 குடும்பங்கள். குடிக்க வாய்க்கால் நீர், ஊற்று நீர், கிணற்று நீர். தண்ணீரால் நோய் பரவாமல் தடுக்கச் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் இரண்டாண்டுகள் பாடுபட்டார். புதிதாக மனம் மாறியவை 11 குடும்பங்களே!

கணக்கு இவ்வளவுதான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைத் தேடிச் சென்றவர் எட்வர்ட் வெலின் என்னும் மானிடவியல் அறிஞர். அவர் அறிவுரை சொல்லப் போகவில்லை, கேட்கப் போனார்.

என்ன தெரிந்தது? நம் பாட்டிமார்களைப் போலவே அவ்வூராரும் பண்டங்களைச் ‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்று பிரிப்பவர்கள். பச்சைத் தண்ணீர் மிகுந்த குளிர்ச்சி, நோயாளிக்கு ஆகாது. ஆகவே காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது. நன்றாக இருப்பவர் அதை ஏன் குடிக்க வேண்டும்? விறகுக்கும் தட்டுப்பாடு, வேலைக்கு நடுவே நேரமும் இல்லை. கிருமி என்றாலோ, கண்ணுக்கே தெரியாத ஒன்று வளர்ந்த மனிதனை என்ன செய்துவிடும் என்று கேட்டார்கள். அறியாமை மட்டுமல்ல, வாசகர்களே. ஒவ்வொரு மறுப்புக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் பால் 1955இல் தொகுத்து வெளியிட்ட நூலில் இந்த ஆய்வு இடம்பெற்றது. எத்தனை பேர் என்று எண்ணுவதோடு, ஏன் என்று கேட்பதும் பொதுச் சுகாதாரத்துக்கு அவசியம் என்பதை அது உணர்த்தியது. இதனைப் பண்புசார் ஆய்வு என்பார்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்பார்கள். மக்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவார்கள். புதிதாக எதுவும் வராத நிலையை எட்டும் வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

காரணம் எதுவானாலும் கிருமி விட்டுவிடாது. தண்ணீரைக் காய்ச்சத்தான் வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வந்தால், மரியாதைக்காக “சரி, சரி” என்று தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். நேரமில்லையா, பணமில்லையா, மனம் ஒப்பவில்லையா? உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் சிரமம் தெரிந்தால்தான் அவர் சொல்லும் வழி உங்கள் வீட்டு அடுப்படிக்குப் பொருந்தும்.