பாலி ட்ரிப்: வில்லாவா, ஹோட்டலா? புக் பண்ணும் முன் போட வேண்டிய கணக்கு

வாட்ஸ்அப் குரூப்பின் பெயர் ‘பாலி’ என்று மாறிய அன்றே யாராவது ஒருவர் ஒரு லிங்க் போட்டுவிடுவார். நீல நிறத்தில் நீச்சல் குளம், அதற்குப் பின்னால் நெல் வயல், குளத்தில் மிதக்கும் தட்டில் காலை டிபன். கூடவே ஒரு வரி: “மச்சி, மூணு பெட்ரூம். தலைக்குப் பிரிச்சா ஹோட்டலைவிட கம்மிதான் வருது.” அடுத்த ஐந்து நிமிடத்தில் வரிசையாகத் தம்ஸ்-அப்.

பல நேரம் அது உண்மையிலேயே கம்மிதான். ஆனால் எவ்வளவு கம்மி, எத்தனை பேர் வந்தால் கம்மி, அந்த மிச்சத்துக்காக யார் என்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அந்த லிங்க்கில் இருக்காது.

சரி, கணக்கு போடுவோம்

மூன்று ஜோடிகள், நான்கு இரவுகள். வில்லா ஓர் இரவுக்கு ரூ.15,000, ஹோட்டலில் ஓர் அறை ரூ.6,000 என்று வைத்துக்கொள்வோம். சீசனுக்கும் ஏரியாவுக்கும் ஏற்ப இது எவ்வளவோ மாறும். கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் இந்த எண்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வில்லாவுக்கு ரூ.60,000. ஹோட்டலில் மூன்று அறைகளுக்கு ரூ.72,000. வில்லா எடுத்தால் ரூ.12,000 மிச்சம்.

இப்போது ஹோட்டல் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்தோனேசியாவில் அறை விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று போட்டிருப்பார்கள். ஒரு பிளஸ் வரி, இன்னொன்று சேவைக் கட்டணம். இரண்டும் சேர்ந்து பல ஹோட்டல்களில் 21 சதவீதம் வரை போகும். ஆக ரூ.72,000 என்பது ரூ.87,120 ஆகிவிடுகிறது. காலை உணவு இதில் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

வில்லா மட்டும் என்ன, சும்மா இருக்குமா? சுத்தம் செய்யும் கட்டணம் ஒருமுறை ரூ.3,000, புக்கிங் தளத்தின் சேவைக் கட்டணம் 15 சதவீதம் என்றால் ரூ.60,000 என்பது ரூ.72,450 ஆகிறது. காலை டிபன் தனி. தலைக்கு ரூ.400 வீதம் ஆறு பேருக்கு நான்கு நாள், ரூ.9,600. மொத்தம் ரூ.82,050.

தலைக்குப் பிரித்தால் வில்லா ரூ.13,675, ஹோட்டல் ரூ.14,520. வித்தியாசம் வெறும் 845 ரூபாய். நான்கு நாளுக்கு.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஜோடிக்கு லீவு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் இலவச ரத்து வசதியோடு புக் செய்திருந்தால் ஓர் அறையை மட்டும் ரத்து செய்துவிடலாம். மற்றவர்களுக்குத் தலைக்கு அதே ரூ.14,520தான். வில்லா வாடகையோ யார் வந்தாலும் வராவிட்டாலும் முழுசாகக் கட்ட வேண்டியது. டிபன் செலவு மட்டும் குறையும். மீதி நான்கு பேருக்கும் தலைக்கு ரூ.19,700-ஐத் தாண்டிவிடும். வராத ஜோடியிடம் பங்கைக் கேட்பதா வேண்டாமா என்ற சங்கடம் அதற்கு மேல்.

அதனால் வில்லாதான் என்று முடிவானால், புக் செய்வதற்கு முன்பே எல்லோரிடமும் பணத்தை வாங்கிவிடுவது நல்லது. “கழன்றுகொள்பவர் தன் பங்கைத் தர வேண்டும், அல்லது பதிலுக்கு ஆள் பிடித்துத் தர வேண்டும்” என்று குரூப்பிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கறாராக இருக்கும். ஆனால் பின்னால் வரும் மனக்கசப்புக்கு இது எவ்வளவோ தேவலாம்.

ரிசப்ஷனில் யார் உட்காருவது?

ஹோட்டல் பில்லில் நீங்கள் கட்டும் அந்தச் சேவைக் கட்டணத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். இரவு 2 மணிக்கு ஏசி நின்றால் போன் எடுப்பவர் அவர். வில்லாவில் அந்த இடத்தில் யார்? பெரும்பாலும், லிங்க் போட்டுப் புக் செய்த அதே நண்பர்தான்.

கதவு எண், கேர்டேக்கரின் வாட்ஸ்அப் நம்பர், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அவர் போனில்தான் இருக்கும். பாலியில் பல வீடுகளில் மின்சாரத்துக்கு ப்ரீபெய்டு மீட்டர். ரீசார்ஜ் தீரும் நேரத்தில் மீட்டர் ‘பீப் பீப்’ என்று கத்த ஆரம்பிக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாது. பெரிய கேன் தண்ணீர்தான். அது தீர்ந்தால் கொண்டுவருவது யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவைக்க வேண்டும். குறுகலான சந்துக்குள் இருக்கும் வில்லாக்களுக்குக் கார் போகாது. நள்ளிரவில் பெட்டியோடு இறங்கி, மேப்பைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் முதலில் ஓடுவது புக் செய்தவர். அந்த ட்ரிப்பில் அவருக்கு மட்டும் லீவு கிடையாது.

இந்த விஷயத்தில் பாலிக்கு ஒரு நல்ல பெயரும் உண்டு. இங்குள்ள பல வில்லாக்களில் தினமும் வந்து சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார்கள். சில இடங்களில் தனிக் கட்டணத்துக்குச் சமைத்தும் தருகிறார்கள். ‘தினமும் ஆள் வருவார்களா, ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?’ என்ற கேள்விக்கு உடனே தெளிவாகப் பதில் வந்தால் அது நல்ல வில்லா. பதில் வரவே இரண்டு நாள் ஆனால், ராத்திரி ஏசி நின்றபிறகும் அப்படித்தான்.

இன்ஸ்டாகிராம் போட்டோவில் தெரியாத ஒன்றும் உண்டு. சுவரே இல்லாத திறந்த ஹால் பார்க்க அழகுதான். ஆனால் அங்கே ஏசி வேலை செய்யாது, கொசு வேலை செய்யும். பாலியில் டெங்கு உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் போகிறவர்கள் மூடிய ஹால் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த ஊர்?

‘பாலி’ என்று ஒரே பெயராகச் சொன்னாலும் ஒவ்வோர் ஏரியாவும் ஒவ்வொரு மாதிரி. தெற்கில் நுசா துவா 1970-களிலிருந்தே ஹோட்டல்களுக்கென்று திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பகுதி. அமைதியான கடல், அகலமான சாலை. கிழக்குக் கரையில் சனூர் சமதளம். கடலோரமாக நீண்ட நடைபாதை இருக்கிறது. பெற்றோரோடு போகிறவர்களுக்கு இந்த இரண்டும் நிம்மதி. வில்லாக்கள் குவிந்து கிடப்பது செமின்யாக், சாங்கு, உலுவாத்து, மலைப்பக்கம் உபுட் ஆகிய இடங்களில்.

விமான நிலையத்திலிருந்து உபுட் சுமார் 35 கி.மீ.தான். ஆனால் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வயலுக்கு நடுவே இருக்கும் வில்லாவிலிருந்து ஒரு காபி குடிக்கப் போவதற்கே வண்டி வேண்டியிருக்கும். கிராப், கோஜெக் ஆப்கள் இருக்கின்றன. ஆனால் சில இடங்களில் உள்ளூர் டிரைவர்கள் ஆப் வண்டிகளை ஏற்றிச்செல்ல விடுவதில்லை. எனவே நாள் வாடகைக்கு டிரைவரோடு கார், அல்லது ஸ்கூட்டர். அந்தச் செலவையும் வில்லா கணக்கில் எழுதுங்கள். 845 ரூபாய் மிச்சம் ஒரே நாளில் காலி.

ஸ்கூட்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் அங்கே போய் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. இருசக்கர வாகனத்துக்கும் பொருந்தும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும்; ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாமல் ஓட்டி விபத்தானால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். அங்கே ஆஸ்பத்திரி பில் லேசுப்பட்டதில்லை.

சாப்பாடு, குழந்தை, பெரியவர்கள்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வில்லா சமையலறை பெரிய வரம். பாலியில் பெரும்பான்மையோர் இந்துக்கள்தான். ஆனால் அங்கே பன்றிக்கறி பண்டிகை உணவு. சைவம்போலத் தெரியும் சம்பாலில்கூட ‘தெராசி’ எனும் இறால் விழுது கலந்திருக்கும். டெம்பே, டோஃபு, கடோ-கடோ என்று சாப்பிடக் கிடைக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். அம்மா, அப்பாவுக்கு மூன்றாவது நாள் ரசம் சாதம் தேடும். இந்தோனேசியர்களும் சோறு சாப்பிடும் மக்கள்தான் என்பதால் ரைஸ் குக்கர் கேட்டால் கிடைத்துவிடும். பொடியும் ஊறுகாயும் கையோடு போனால் போதும்.

அதே வில்லாவில் சின்னக் குழந்தை இருந்தால் கதை வேறு. ஹாலிலிருந்து இரண்டு அடி வைத்தால் குளம். பல வில்லாக்களில் வேலி இருக்காது, லைஃப்கார்டு இருக்கவே மாட்டார். பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது, ‘யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று ஒவ்வொருவரும் நினைக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் பயம். வேலி போட்டுத் தருகிறோம் என்று எழுத்தில் சொல்லாத வில்லாவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கென்று ஆழமில்லாத குளம் தனியாக உள்ள ஹோட்டலே மேல்.

முழங்கால் வலி உள்ள பெற்றோர் என்றால் படிக்கட்டு எத்தனை என்று கேளுங்கள். உலுவாத்து பக்கம் கடற்கரைக்கு இறங்கவே செங்குத்தான படிகள்தான்.

எரிமலையும் ரத்து விதியும்

2017 நவம்பர் இறுதியில் ஆகுங் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியதால் பாலி விமான நிலையமே மூடப்பட்டது. 2024 நவம்பரில் பக்கத்து ஃப்ளோரெஸ் தீவில் லெவோதோபி எரிமலை குமுறியபோதும் பாலிக்கான பல விமானங்கள் ரத்தாகின. அப்படி ஒரு நாளில் நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மாட்டிக்கொண்டால் தங்குமிடப் பணம் என்ன ஆகும்? வில்லாக்களில் இதை முடிவு செய்வது ஒவ்வோர் உரிமையாளரும் வைத்திருக்கும் ரத்து விதி. பலவற்றில் சில வாரங்களுக்கு முன்பே ரத்து செய்தால்தான் முழுப் பணமும் திரும்ப வரும். ஹோட்டல்களில் ஓரிரு நாள் முன்புவரை இலவச ரத்து உள்ள கட்டணம் கிடைக்கும். சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்கலாம்.

உரிமையாளர் “ஆப்பில் வேண்டாம், நேரடியா பணம் அனுப்புங்க, 20 சதவீதம் தள்ளுபடி” என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆப்புக்கு வெளியே போன பணத்துக்கு ஆப் பொறுப்பேற்காது. வில்லாவே இல்லாமல் போட்டோ மட்டும் இருக்கும் மோசடியும் நடக்கிறது. உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம், தப்பில்லை. 2025 ஜூலையில் உலுவாத்து அருகே பிங்கின் கடற்கரையில், அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டியவை என்று தங்குமிடங்கள், உணவகங்கள் உள்பட 40-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அதிகாரிகள் இடித்தார்கள்.

தேதி பார்க்கும்போது ‘நியெப்பி’யையும் பார்த்துவிடுங்கள். பாலி நாட்காட்டிப்படி வரும் மௌன நாள். 2025-ல் மார்ச் 29, 2026-ல் மார்ச் 19. காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணிவரை விமான நிலையம் உள்பட எல்லாம் மூடல், மொபைல் இன்டர்நெட்டும் நிறுத்தம். சுற்றுலாப் பயணிகளும் தெருவில் இறங்கக் கூடாது. ஹோட்டலில் வளாகத்துக்குள் சாப்பாடு கிடைக்கும். வில்லாவில் முந்தைய நாளே மளிகை வாங்கி வைத்திருந்தால் உண்டு.

அப்போ எதைத்தான் எடுப்பது?

ஆறு பேருக்குக் குறையாமல், டிக்கெட்டே போட்டுவிட்ட குரூப், ஒரே ஏரியாவில் நான்கு இரவுக்கு மேல் தங்கப்போகிறது என்றால் வில்லா எடுக்கலாம். ராத்திரி நெடுநேரம் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு ஹால் கிடைப்பது ஹோட்டலில் வாங்க முடியாத விஷயம். முதல் வெளிநாட்டுப் பயணம், இரண்டு மூன்று இரவு, பெற்றோர் அல்லது கைக்குழந்தை என்றால் ஹோட்டல்.

புதுமணத் தம்பதிக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. ரிசார்ட்டுகளே நடத்தும் ஒற்றை அறை வில்லாக்கள் உபுட், செமின்யாக் பக்கம் கிடைக்கும். தனிக் குளமும் உண்டு, ரிசப்ஷனும் உண்டு. விலை கூடுதல். முழுப் பயணத்துக்கும் வேண்டாம், கடைசி இரண்டு இரவுக்கு மட்டும் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

விசா, தீவு வரி இரண்டும் எங்கே தங்கினாலும் ஒன்றுதான். 30 நாள் விசா ஆன் அரைவலுக்கு 5 லட்சம் ருப்பியா, 2024 பிப்ரவரியிலிருந்து வசூலிக்கும் சுற்றுலா வரி தலைக்கு 1.5 லட்சம் ருப்பியா. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டும் சேர்த்து நம்ம ஊர் பணத்தில் சுமார் 3,500 ரூபாய்.

கடைசி நாள் ஒன்று பாக்கி இருக்கிறது. காலை 11 மணிக்கு செக்-அவுட், ஃப்ளைட் ராத்திரி. ஹோட்டலில் பெட்டிகளை வைத்துவிட்டுச் சுற்றலாம், பல இடங்களில் சாயங்காலம் வந்து குளிக்கவும் விடுவார்கள். வில்லாவுக்கு மதியம் அடுத்த குரூப் வந்துவிடும். ஆறு பேரின் பெட்டிகளை எங்கே வைப்பது என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.