பொது கிளஸ்டரும் நம் கையிலுள்ள சாவியும்

கணிப்பொறித் துறையில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் இளைஞர்களுக்கு முதல் வாரத்திலேயே தரப்படும் பணிகளில் ஒன்று, அலுவலகத்தின் கிளஸ்டருடன் தங்கள் கணிப்பொறியை இணைத்துக்கொள்வது. பக்கத்து இருக்கைக்காரர் எழுதிக்கொடுத்த நாலு கட்டளைகளைத் தட்டிவிட்டால் இணைப்பு வந்துவிடும். ஆனால் அக்கட்டளைகள் என்ன செய்தன என்று பலரும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அந்தக் கிளஸ்டர் பலருக்கும் பொதுவானது.

ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய மூட்டைதான் கண்டெய்னர். பல கணிப்பொறிகளை ஒன்றிணைத்து, கண்டெய்னர்களை அவற்றில் பங்கிட்டு ஓட்டுவது குபெர்னட்டீஸ். இதைக் கூகுள் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். தமிழில் மீகாமன் எனலாம். கிளஸ்டர் மும்பையில் இருந்தாலும் தில்லியில் இருந்தாலும், நம் மேசையிலிருந்தே அதற்குக் கட்டளையிட உதவும் கருவி கியூப்கண்ட்ரோல்.

கூகுள் கிளவுடையே எடுத்துக்கொள்வோம். ஜிகிளவுட், கியூப்கண்ட்ரோல், நம்மை அடையாளம் காட்டும் துணைக்கருவி ஆகிய மூன்றையும் முதலில் நிறுவ வேண்டும். கியூப்கண்ட்ரோலின் பதிப்பு கிளஸ்டரின் பதிப்பிலிருந்து ஒரு படிக்கு மேல் விலகக்கூடாது. கிளஸ்டர் 1.30 என்றால் 1.29, 1.30, 1.31 ஆகியவை பொருந்தும். அடுத்து, ‘ஜிகிளவுட் ஆத் லாகின்’ என்ற கட்டளையால் நம் கணக்கில் நுழைந்து, ‘கெட் கிரெடென்ஷியல்ஸ்’ என்ற கட்டளையைக் கிளஸ்டரின் பெயருடனும் அது இருக்கும் மண்டலத்துடனும் கொடுக்க வேண்டும்.

அப்போது நம் கணிப்பொறியில் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பு உருவாகிறது. கிளஸ்டரின் முகவரி ஒரு பகுதி; நாம் யார் என்பது இன்னொரு பகுதி; இரண்டையும் இணைக்கும் ‘கான்டெக்ஸ்ட்’ மூன்றாவது பகுதி. சில கிளஸ்டர்களுக்கு உரிய இரகசியச் சான்றும் இக்கோப்பிலேயே இருக்கும். ஆகவே இது வீட்டுச் சாவி போன்றது. நண்பருக்கு அனுப்புவதோ பொது இடத்தில் வைப்பதோ கூடாது.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. புதிதாக ஒரு கிளஸ்டரை இணைத்தவுடன், அதுவே நடப்புக் கான்டெக்ஸ்ட் ஆகிவிடும். காலையில் சோதனைக் கிளஸ்டரில் வேலை செய்தவர், மதியம் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் கிளஸ்டரை இணைத்தார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் பழைய நினைப்பில் அவர் இடும் ‘டிலீட்’ கட்டளை, வாடிக்கையாளர் கிளஸ்டருக்கே போய்ச்சேரும். “நிச்சயமாகவா?” என்று கியூப்கண்ட்ரோல் தானாகக் கேட்பதில்லை. ஒரு நேம்ஸ்பேஸை, அதாவது ஒரு குழுவுக்கென ஒதுக்கிய பகுதியை, அழித்தால் அதனுள் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் சேர்ந்தே போகும்.

இதைத் தவிர்க்க மூன்று பழக்கங்கள் போதும். மாற்றம் செய்யும் எந்தக் கட்டளைக்கும் முன்னால் ‘கரன்ட் கான்டெக்ஸ்ட்’ என்று கேட்டு, எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவின் நேம்ஸ்பேஸைக் கான்டெக்ஸ்டிலேயே பதிந்துவையுங்கள். எதைச் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு என்பதை ‘ஆத் கேன்-ஐ’ கட்டளையால் அறிந்து, வேலைக்கு வேண்டிய அளவு அனுமதி மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இணைப்பு ஏற்படுத்தப் பத்து நிமிடம் போதும். தவறான இடத்தில் அழித்ததைத் திரும்பக் கட்ட எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.