கெட்டியர் சிக்கல்

கெட்டியர் சிக்கல் என்பது, பல்கலைக்கழகத்தில் அறிவாய்வியல் பயிலும் மெய்யியல் மாணவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வினா ஆகும். ஒன்றை அறிந்திருக்கிறோம் என்று சொல்ல மூன்று தேவை எனக் கருதப்பட்டது: அது உண்மையாக இருத்தல், அதை நாம் நம்புதல், அந்த நம்பிக்கைக்குத் தக்க சான்று இருத்தல். இக்கருத்தின் வேரைப் பிளேட்டோவின் 'தியேட்டிட்டசு' உரையாடலில் காணலாம்.

இம்மூன்றும் போதா என, அமெரிக்க மெய்யியலாளர் எட்மண்ட் கெட்டியர் 1963 இல் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரை காட்டியது.

பெர்ட்ரண்டு ரசல் 1948 இல் கூறிய கடிகார எடுத்துக்காட்டு இதை எளிதில் விளக்கும். ஓடாமல் நின்றுபோன கடிகாரம் 3 மணி காட்டுகிறது. அது ஓடுவதாக எண்ணி ஒருவர் பார்க்கிறார். தற்செயலாக அப்போது மணியும் 3. அவர் நம்பியது உண்மை. கடிகாரம் காட்டியதே சான்று. ஆனாலும் அவர் நேரத்தை அறிந்தார் எனலாமா? கால் மணி கழித்துப் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்.

அப்படியானால் இன்னும் என்ன தேவை? உண்மைக்கும் நம்பிக்கைக்கும் இடையே காரணத் தொடர்பு தேவை என்றார் ஆல்வின் கோல்ட்மன் (1967). நின்ற கடிகாரத்தில் அத்தொடர்பு இல்லை. இத்தீர்வுக்கும் மறுப்புகள் எழுந்தன. அனைவரும் ஏற்கும் விடை இன்றுவரை இல்லை.

விடை சரியா என்பதோடு நில்லாமல், அது எவ்வழியில் கிடைத்தது என்றும் கேட்க இச்சிக்கல் மாணவரைப் பழக்குகிறது.