வனவிலங்குத் தொகையும் சதவீதக் கணக்கும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் தமிழ் மக்கள். ஆயினும் எழுத்தைப் பிழையறப் படிக்க வல்லார் பலர், எண்ணைப் படிக்கும்போது இடறிவிடுகின்றனர். அதிலும் எண்கள் சலாகை வரைபாக உருவெடுத்து நிற்கும்போது, உயர்ந்த சலாகை எது, தாழ்ந்த சலாகை எது என்று கண்டதுடன் அமைதியடைந்துவிடுகின்றனர். வனவிலங்குகளின் தொகையைக் காட்டும் வரைபுகளை எவ்வாறு படித்தல் வேண்டும், தொகையின் மாற்றத்தைச் சதவீதத்தில் எவ்வாறு கணித்தல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று தேயிலை போர்த்து நிற்கும் மலைநாடு ஒருகாலத்தில் அடர்ந்த கானகமாயிருந்தது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், அப்பகுதியில் யானை வேட்டையாடியவர். முதலிற் கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. வேட்டையும் உடன்சேர, நுவரெலியாவைச் சூழ்ந்த மேட்டுநிலங்களிலிருந்து யானைக் கூட்டங்கள் மறைந்தன. இம்மறைவை அளந்துகாட்டும் வரைபு எதுவும் அக்காலத்தார் வரைந்து வைக்கவில்லை. எண்ணப்படாத பொருள் அழியும்போது அழிவின் அளவும் அறியப்படாமற் போகின்றது. கணக்கெடுப்பின் பயன் இதனாற் புலனாகும்.

2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலங்கை முழுவதும் யானைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. கோடையில் நீர் அருந்த வரும் யானைகளை நீர்நிலைகள்தோறும் காத்திருந்து எண்ணுவதே அதன் முறை. வலயவாரியாகக் கிடைத்த தொகைகள் வருமாறு: மகாவலி 1,751, கிழக்கு 1,573, வடமேற்கு 1,189, தெற்கு 1,086, வடக்கு 233, மத்தி 47. இவற்றின் கூட்டுத்தொகை 5,879.

இத்தொகைகளை மாணாக்கன் ஒருவன் சலாகை வரைபாக்குகின்றான் என்று கொள்வோம். கிடையச்சில் வலயங்களின் பெயர்களும் நிலையச்சில் யானைகளின் எண்ணிக்கையும் அமையும். ஒரு கட்டம் 250 யானைகளைக் குறிக்குமாயின், மகாவலியின் சலாகை 7 கட்டம் உயரும். வடக்கின் சலாகை ஒரு கட்டத்தையும் எட்டாது. மத்திய வலயத்தின் சலாகையோ ஒரு கட்டத்தின் ஐந்திலொரு பங்கினுங் குறைந்து, கோடு போலத் தோன்றும். எனவே, வரைபைப் படிப்பவர் முதலில் தலைப்பையும், அடுத்து அச்சுகளின் பெயர்களையும், பின்னர் ஒரு கட்டம் எத்தனையைக் குறிக்கின்றது என்பதையும் நோக்கிய பின்னரே சலாகைகளின் உயரத்தை நோக்குதல் வேண்டும். அளவுத்திட்டம் அறியாது உயரத்தை மட்டும் காண்பது, படிக்கல்லைப் பாராது தராசை நம்புவதை ஒக்கும்.

மத்திய வலயத்தின் பங்கு எத்தனை சதவீதம்? 47ஐ 5,879ஆல் வகுத்து 100ஆற் பெருக்க, 0.8 கிடைக்கும். அதாவது, நூறு யானைகளுள் ஒன்றுகூட இவ்வலயத்திற்கு உரியதன்று.

இனி, மாற்றத்தைக் கணிக்கும் முறையைக் காண்போம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் எடுக்கப்பட்ட கணக்கில் தொகை 7,451 ஆயிற்று. புதிய தொகையிலிருந்து பழைய தொகையைக் கழிக்க 1,572 வரும். இவ்வேறுபாட்டைப் பழைய தொகையாகிய 5,879ஆல் வகுத்து 100ஆற் பெருக்கினால் 26.7 என்பது விடை. ஆகவே இரு கணக்குகளுக்கும் இடையிலான உயர்வு 26.7 சதவீதமாகும்.

இங்கு மாணாக்கர் பெரிதும் தவறுமிடம் ஒன்றுண்டு. வேறுபாட்டைப் புதிய தொகையால் வகுத்துவிடுவர், அப்போது 21.1 என்னும் பிழையான விடை வரும். எத்தொகையிலிருந்து மாற்றம் தொடங்கிற்றோ அத்தொகையே அடியாதல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வுண்மையைக் கொழுந்து நிறுவையைக் கொண்டே விளக்கலாம். நேற்று 20 கிலோ கொழுந்தெடுத்த தாய் இன்று 16 கிலோ எடுத்தால் வீழ்ச்சி 20 சதவீதம். நாளை அவள் மீண்டும் 20 கிலோ எடுத்தால் உயர்வு 20 சதவீதமன்று, 25 சதவீதம். வேறுபாடு இரு நாளும் 4 கிலோவே, அடித்தொகைதான் மாறிற்று. பழைய தொகை பூச்சியமாயின் சதவீதம் கணிக்கவே இயலாது. முற்றாக அழிந்த இனத்தின் வீழ்ச்சி 100 சதவீதம் எனலாம். அற்றுப்போன இடத்தில் அது மீண்டும் தோன்றினால், அவ்வுயர்வைச் சொல்லச் சதவீதம் இல்லை.

வரைபு கண்ணை ஏமாற்றும் வழியும் உண்டு. மேற்கூறிய 5,879, 7,451 என்னும் இரு தொகைகளையும் நிலையச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காது 5,000இலிருந்து தொடங்கி வரைவதாகக் கொள்வோம். அப்பொழுது முதற் சலாகையின் உயரம் 879க்கும், இரண்டாவதன் உயரம் 2,451க்கும் ஒப்பாகும். உயர்வு கால் பங்கினும் சற்றே மிகுந்ததாக இருக்க, பார்ப்பவர் கண்ணுக்கு யானைகள் ஏறத்தாழ மூன்று மடங்கானதுபோலத் தோன்றும். எண்ணிற் பொய்யில்லை, ஆயினும் படம் பொய்யுரைக்கின்றது.

பல கணக்குகள் தொடர்ந்து வரும்போது மற்றொரு நுட்பம் எழுகின்றது. இந்தியாவின் புலித்தொகை 2006இல் 1,411, 2010இல் 1,706, 2014இல் 2,226, 2018இல் 2,967, 2022இல் 3,682 என மதிப்பிடப்பட்டது. இடைக்கால உயர்வுகள் முறையே 20.9, 30.5, 33.3, 24.1 சதவீதம். இவற்றைக் கூட்டினால் 109 அளவில் வரும். ஆனால் 1,411ஐ அடியாகக் கொண்டு கணித்தால் முழு உயர்வு 161 சதவீதம். ஒவ்வொரு முறையும் அடித்தொகை வளர்ந்துவருதலின், சதவீதங்களைக் கூட்டுதல் முறையன்று. 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டிற் சுந்தரவனம் சேர்க்கப்படவில்லை என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. எண்ணும் பரப்பு விரிந்தால், விலங்கு பெருகாமலே தொகை பெருகும். ஆகவே உயர்வைக் கண்டவிடத்து, விலங்கு பெருகிற்றா, எண்ணும் முயற்சி பெருகிற்றா என்று வினவுதல் அறிவுடையார் கடன்.

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்குகளோ எனின், அல்ல. மகாவலி வலயத்தில் ஒரு யானை இறந்தால் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இழப்பு 0.06 சதவீதம், மத்திய வலயத்தில் ஒன்று இறந்தால் 2.1 சதவீதம். உயிர் ஒன்றே, இழப்பின் எடை வேறு. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணீர்ப் பகுதித் தோட்டமொன்றிற் கண்ணியில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் உயிர்நீத்தது. தொகை குறைந்த இனத்தில் ஓர் உயிரின் மறைவு எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. மறுபுறம், வைகறையிற் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண், தன் நிரையருகே சிறுத்தை உலவுவதாகக் கேட்டு அஞ்சுவதும் இயல்பே. அவளிடம் சதவீதம் பேசி அச்சத்தை நீக்க இயலாது. எனினும், ‘சிறுத்தைகள் பெருகிவிட்டன’ என்றோ, ‘அடியோடு அழிந்துவிட்டன’ என்றோ கூறுவார்க்கு முன்னால், எப்போது எண்ணினீர், எவ்விடத்தில் எண்ணினீர், எத்தொகையை அடியாகக் கொண்டீர் என மூன்று வினாக்களை எழுப்பும் ஆற்றலை அவள் பிள்ளைக்குப் பள்ளி அளித்தல் கூடும்.

அவ்வாற்றல் காட்டுடன் நின்றுவிடுவதன்று. சம்பள உயர்வு இத்தனை சதவீதம் என்றும், விளைச்சல் வீழ்ச்சி இத்தனை சதவீதம் என்றும் அவன் வாழ்நாளெல்லாம் பிறர் கூறக் கேட்பான். யானைக் கணக்கில் அடித்தொகையைத் தேடப் பழகியவன் கூலிக் கணக்கிலும் அதனைத் தேடுவான். அட்டனிலும் நுவரெலியாவிலும் கரும்பலகையில் வரையப்படும் ஒவ்வொரு சலாகையும் அப்பழக்கத்திற்கு இடும் அடித்தளமாகும்.