ஏர்போர்ட் இல்லை, ராணுவம் இல்லை... ஆனா வேலை கொட்டிக் கிடக்கு! குட்டி நாடு லிக்டன்ஸ்டைன் பற்றி தெரியுமா?

புதுவாயல், கும்மிடிப்பூண்டி பக்கம் காலை ஷிப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போகும். வெளியூர், வெளிமாநில ஆட்களை நம்பித்தான் இங்கே பல தொழிற்சாலைகள் ஓடுகின்றன. ஒரு நாடே இப்படி ஓடினால் எப்படி இருக்கும்? அதுதான் லிக்டன்ஸ்டைன்.

எங்கே இருக்கு?

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. பரப்பளவு 160 சதுர கி.மீ. மட்டுமே. சென்னை மாநகராட்சியே 426 சதுர கி.மீ.! மக்கள்தொகை சுமார் 40,000. தலைநகர் வடூஸ். பேசும் மொழி ஜெர்மன்.

இந்த நாட்டுக்கும் கடல் இல்லை, அதைச் சுற்றியுள்ள இரண்டு நாடுகளுக்கும் கடல் இல்லை. உலகில் இப்படி இருக்கும் இன்னொரு நாடு உஸ்பெகிஸ்தான் மட்டும்தான்.

யார் ஆட்சி?

நாடாளுமன்றம் உண்டு. ஆனால் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் இளவரசரிடம் இருக்கிறது. செலவைக் குறைக்க 1868-லேயே ராணுவத்தைக் கலைத்துவிட்டார்கள். நாட்டளவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1984-ல்தான்!

பணக்கார நாடானது எப்படி?

ஒரு காலத்தில் விவசாயத்தை நம்பியிருந்த ஏழை நாடு இது. 1923-ல் சுவிட்சர்லாந்துடன் சுங்க ஒப்பந்தம் போட்டது. சுவிஸ் பிராங்கையே தன் பணமாகவும் ஏற்றுக்கொண்டது. குறைந்த வரி, வங்கித் தொழில் ஒருபக்கம்; தொழிற்சாலைகள் மறுபக்கம். கட்டட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த ஹில்ட்டி டிரில்லிங் மெஷின் கம்பெனி, 1941-ல் இங்குள்ள ஷான் ஊரில் தொடங்கியதுதான். செயற்கைப் பல் தயாரிப்பிலும் இந்த நாடு பிரபலம்.

வேலை உண்டு, குடியிருக்க இடமில்லை!

இங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தினமும் எல்லை தாண்டி வந்து, சாயங்காலம் திரும்பிப் போகிறவர்கள். கும்மிடிப்பூண்டி என்றால் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கிவிடலாம். அங்கே அது நடக்காது. குடியேற அனுமதி ஆண்டுக்கு மிகச் சிலருக்குத்தான். ஐரோப்பியர்களுக்கான அந்த அனுமதியிலும் ஒரு பகுதி குலுக்கல் முறையில்தான் கிடைக்கும்!

நமக்கு என்ன லாபம்?

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய 4 நாடுகளுடன் இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 லட்சம் நேரடி வேலைவாய்ப்பு என்பது இலக்கு. அந்தத் தொழிற்சாலைகள் எந்த மாநிலத்துக்கு வரும் என்பதை ஒப்பந்தம் முடிவு செய்யவில்லை. நிலம், மின்சாரம், துறைமுகம், பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவற்றைக் காட்டி மாநிலங்கள்தான் போட்டி போட்டு வாங்க வேண்டும்.